சின்ன ர, பெரிய ற

ஜோலார்பேட்டையில் கரி எஞ்சின் நின்றுபோன வருஷம்
எனக்குப் பதினேழு வயது.
கிடங்கைக் காட்டிலாகா எடுத்துக்கொண்டது.
"உள்ளே வெள்ளையடி" என்றார் ரேஞ்சர்.
மூன்று மூட்டைச் சுண்ணாம்பு,
கைப்பிடி நீலம், நசுக்கிய பனமட்டை.
மூன்று பூச்சு.
மறுநாள் காலை போய்ப் பார்த்தால்
சுவர் மீசை வைத்திருந்தது.

ஜவ்வாது மலையில் பிடிபட்ட சந்தனக் கட்டைகள்
வழக்கு முடியட்டும் என்று
ஒன்பது வருஷம் அங்கே கிடந்தன.
கரியின் மேல் சந்தனம் ஏறிய வாசனை
எழவு வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு போல இருக்கும்.
காவலாளி முனிரத்தினத்துக்குக்
கைக்குட்டையில் கறுப்பு, சட்டையில் மணம்.
அவன் பெண்டாட்டி எதை நம்புவாள்?

அப்புறம் நெல் மூட்டை, பச்சை.
அப்புறம் மண்ணெண்ணெய், மஞ்சள் டிஸ்டம்பர்.
அப்புறம் எபினேசர் சார் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் திறந்தார்.
இளநீலம் அடித்து
சுற்றிலும் யானை, ரயில், ஆப்பிள் வரைந்தேன்.
ஆப்பிளைத் தக்காளி என்றே படித்தார்கள் பிள்ளைகள்.
ஐப்பசி மழையில் யானைக்கு வியர்க்கும்,
கறுப்பாய்.
சாய்ந்து உட்கார்ந்த பிள்ளைகளின் முதுகைத் திருப்பிக் காட்டி
தாய்மார்கள் என் வாசலில் வந்து நின்றார்கள்:
"என்னய்யா பெயிண்ட் அடிச்ச?"
அடித்தது சரிதான் அம்மா.
அடியில் இருக்கிறவனுக்குத்தான்
இன்னும் ஷிப்டு முடியவில்லை.

கொரோனாவுக்குக் கட்டில்கள் வந்தன.
அவசர வெள்ளை, ஒரே பூச்சு.
அந்த முறை சுவரை யாரும் பார்க்கவில்லை.
கூலி இன்னும் வரவில்லை.

இந்தத் தை மாதம்
வாணியம்பாடி அப்சல் பாய் இடத்தை வாங்கினார்.
பிரியாணிக் கடை, ஏசியோடு.
டிசைன் போட பெங்களூரிலிருந்து ஒரு பெண்.
விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.
"இதெல்லாம் சுரண்டிடுங்க அண்ணா.
ஒரிஜினல் கறுப்புதான் வேணும்."

சுரண்டும் தகட்டை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் ஏலகிரியைப் பார்த்தேன்.
அது பாட்டுக்கு இருந்தது.

வெள்ளை உரிந்தது. நீலம், யானையின் காதோடு.
மஞ்சள். பச்சை.
பதினேழு வயதுச் சுண்ணாம்பு
செதில் செதிலாய் என் மேலேயே விழுந்தது.
அப்புறம் கறுப்பு.
கறுப்பின் மேல், கதவுக்கு இடப்பக்கம், மார்பு உயரத்தில்
புள்ளி புள்ளியாய் வெள்ளை.
வரிசைக்குப் பத்து. விரல்நுனி அகலம்.
நான் வைத்ததில்லை.

பூங்காவனம்.
தலையில் கரிக்கூடை, இடுப்பில் சுருக்குப்பை.
மேஸ்திரி கணக்கை நம்பாதவள்.
கூடைக்கு ஒரு பொட்டு,
வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பில்.
"நாப்பத்தி மூணு" என்று அவள் நிற்பதும்
"நாப்பது" என்று கஜபதி மேஸ்திரி நோட்டை மூடுவதும்
டீ வாங்கப் போகிற பையனாய்
நான் கேட்டதுதான்.
அதன் மேலேயே மட்டையை இழுத்திருக்கிறேன்.
வெள்ளையின் மேல் வெள்ளை,
அன்றைக்கு என்ன தெரிந்தது.

எண்ணினேன். நாற்பத்தி மூன்று.

"அழகா இருக்கே, கோலமா?" என்றாள் அந்தப் பெண்.
"கணக்கு" என்றேன். "மூணு கூடை பாக்கி."
அவள் சிரித்துவிட்டு
அதன் மேல் வார்னிஷ் அடிக்கச் சொன்னாள்.

போர்டு எழுதவும் நான்தான்.
"பழைய பேரே இருக்கட்டும், கரிக் கிடங்கு" என்கிறார் பாய்.
"பிரியாணிக் கடை மாமா, பெரிய ற போடணும்"
என்கிறான் மருமகன்.
கீழே இரண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.
கிடங்கு எழுதியாயிற்று.
முன்னால் ஒரு க, ஒரு க்.
நடுவில் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு
ஏணியில் நிற்கிறேன்.
பிரஷ் காய்கிறது.